பின்மண்டையில் அடி, மூக்கைப் பற்றிக் கேள்வி: பிடரி எலும்பு குறித்து ஒரு விரிவான பதில்

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கும் உங்கள் அம்மா, பைக்கில் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து மலையிறங்கி வரும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் மல்லாந்து விழுந்திருக்கிறார். ஹெல்மெட் போடவில்லை. சேலத்தில் எடுத்த சி.டி. ஸ்கேனில் பிடரி எலும்பில் மெல்லிய நேர்க்கோட்டு விரிசல் தெரிந்திருக்கிறது. உள்ளே இரத்தக் கசிவு இல்லை. மூன்று நாள் வைத்திருந்து அனுப்பியிருக்கிறார்கள். உங்கள் கேள்விகள் நான்கு. பின்மண்டையில் கை வைத்தால் தட்டுப்படும் புடைப்பு எலும்பா, வீக்கமா? விரிசல் மெல்லியதுதான் என்றால் மூன்று நாள் எதற்கு? அடிபட்டது பின்னால் என்றிருக்க, வாசனை தெரிகிறதா என்று டாக்டர் ஏன் கேட்டார்? அம்மா இனி தலையில் மூட்டை சுமக்கலாமா?

நான் உடற்கூறியல் கற்பித்தவன். அம்மாவைப் பரிசோதித்தவன் அல்ல. சிகிச்சையைப் பற்றி அவரைப் பார்க்கும் மருத்துவர் சொல்வதே முடிவு. ஆனால் நான்கு கேள்விகளுக்கும் பதில் அந்த எலும்பின் அமைப்பிலேயே இருக்கிறது. அதனால் எலும்பை முதலில் பார்த்துவிடுவோம்.

மண்டையோட்டின் பின்சுவரும் அடித்தளமும் சந்திக்கும் இடத்தில், இரண்டுக்கும் பொதுவாக அமைந்த ஒற்றை எலும்பு இது. ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஆக்ஸிபிடல் என்று எழுதியிருப்பார்கள். கண் உள்ள பக்கத்துக் கொட்டாங்குச்சியில் அகலமாக ஒரு துண்டை உடைத்துக் கையில் வைத்துப் பாருங்கள்: வெளிப்புறம் குவிந்து, உட்புறம் குழிந்து, ஓரிடத்தில் துளையோடு இருக்கும். எலும்பின் உருவமும் ஏறக்குறைய அதுதான். மாணவர்கள் இதை மேல்விளிம்பிலிருந்து மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். பாதியில் எல்லாம் குழம்பிவிடும். துளையிலிருந்து தொடங்குங்கள் என்பதுதான் நான் எப்போதும் சொல்வது. இந்த எலும்பே ஒரு துளையைச் சுற்றிக் கட்டப்பட்டதுதான். துளை புரிந்தால் மற்றதெல்லாம் தானாக இடத்தில் வந்து உட்காரும்.

அந்தத் துளைக்குப் பெருந்துளை என்று பெயர். முன்பின்னாகச் சுமார் 35 மில்லிமீட்டர், குறுக்கே சுமார் 30 மில்லிமீட்டர். மூச்சையும் இதயத் துடிப்பையும் நடத்துகிற முகுளம் இதன் வழியே இறங்கித் தண்டுவடமாகிறது. அதைப் போர்த்திய உறைகளும் கூடவே இறங்குகின்றன. கழுத்து எலும்புகளின் பக்கத் துளைகள் வழியே ஏறி வரும் இரண்டு முதுகெலும்புத் தமனிகள் இதே வாசலில்தான் உள்ளே நுழைகின்றன. தோளை உயர்த்தும் தசைக்குப் போகிற பதினோராவது மூளை நரம்பின் வேர்கள் கழுத்துத் தண்டுவடத்தில் பிறந்து, இத்துளை வழியே மேலே ஏறி, வேறொரு துளை வழியே மறுபடியும் கீழே இறங்குகின்றன. அந்தச் சுற்றுவழியின் காரணத்தைக் கேட்காத மாணவரை நான் பார்த்ததில்லை.

துளைக்கு முன்னால் ஒரு பகுதி, இரு பக்கங்களிலும் ஒவ்வொன்று, பின்னால் அகன்ற தட்டு என எலும்புக்கு நான்கு பகுதிகள். பிறக்கும்போது இவை நான்கும் தனித்தனி. இடையில் குருத்தெலும்பு இருக்கும். பின்தட்டு முதலில் பக்கப் பகுதிகளோடு சேரும். பிறகு முன்பகுதியும் சேர்ந்து, ஏறக்குறைய ஆறு வயதில் ஒரே எலும்பாகிவிடும். பின்தட்டிலேயே மேற்பாதி சவ்விலிருந்தும் கீழ்ப்பாதி குருத்தெலும்பிலிருந்தும் உருவாகிறது. சிலருக்கு அந்த மேற்பாதி ஒட்டாமல் கடைசி வரை தனி எலும்பாகவே நின்றுவிடும். பெரு நாட்டின் பழைய மண்டையோடுகளில் இதைக் கண்டதால் இன்கா எலும்பு என்று பெயர் வைத்தார்கள். உலகின் மற்ற பகுதிகளிலும் இது உண்டு.

துளைக்கு முன்னால் இருக்கும் பகுதியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். பின்மண்டை எலும்பு என்று சொல்லிச் சொல்லி, அது முழுவதும் பின்னால்தான் இருக்கிறது என்ற எண்ணம் வந்துவிட்டது. அதன் முன்முனை தொண்டைக்கு மேலே கூரையாக நிற்கிறது. அதன் அடிப்பக்கத்தில் உள்ள ஒரு சிறு மேட்டிலிருந்துதான் தொண்டைத் தசைகளின் பின்மடிப்பு தொங்குகிறது. மேற்பக்கம் சரிவாக இருக்கும். மூளைத்தண்டும் அதற்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனியும் அந்தச் சரிவின் மேல் சாய்ந்திருக்கின்றன. அதற்கும் முன்னால் உள்ள எலும்போடு இது சேருமிடத்தில் இருக்கும் குருத்தெலும்பு பதின்ம வயதுகளில் மூடிக்கொள்ளும். எலும்புக்கூட்டின் வயதைக் கணிப்பவர்கள் முதலில் பார்க்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

பக்கப் பகுதிகளின் அடியில், துளையின் இரு ஓரங்களிலும், வழவழப்பான இரண்டு மேடுகள் உண்டு. ரிப்போர்ட்டில் காண்டைல் என்று வரும். முதல் கழுத்தெலும்பான அட்லஸின் இரண்டு குழிகளில் இவை அமர்கின்றன. ஆமாம் என்று தலையை மேலும் கீழும் ஆட்டுவது இந்த மூட்டில்தான். இல்லை என்று பக்கவாட்டில் ஆட்டுவது அதற்கும் ஒரு படி கீழே, அட்லஸுக்கும் இரண்டாவது கழுத்தெலும்புக்கும் இடையில். ஒவ்வொரு காண்டைலுக்கும் மேலே ஒரு சிறு குழாய். நாக்கை அசைக்கும் பன்னிரண்டாவது நரம்பு அதன் வழியே வெளியேறுகிறது. சற்றுத் தள்ளி, பொட்டெலும்போடு சேர்ந்து அமைக்கும் இன்னொரு துளையில் 9, 10, 11 ஆகிய நரம்புகளும் கழுத்தின் பெரிய சிரையும் இறங்குகின்றன. விழுந்தவரை நாக்கை நீட்டச் சொல்லி, தோளைத் தூக்கச் சொல்லி, தண்ணீர் விழுங்கச் சொல்லிப் பார்ப்பது இதற்காகத்தான்.

இனி புடைப்பு. பின்தட்டின் வெளிப்புறத்தில், நடுக்கோட்டில், விரலுக்குத் தட்டுப்படும் மேடு எல்லோருக்கும் உண்டு. அதன் உச்சிப் புள்ளிக்கு இனியன் என்று பெயர். வலிப்பு நோயாளிக்கு மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுக்கும்போது தலையில் பட்டன்களை ஒட்டுவதற்கு முன் டேப் வைத்து அளப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூக்கின் மேல்முனைக் குழியிலிருந்து இந்த இனியன் வரை அளந்து, அந்தத் தூரத்தை விழுக்காடுகளாகப் பிரித்துத்தான் பட்டன்களின் இடத்தைக் குறிக்கிறார்கள். மேட்டிலிருந்து இரு பக்கமும் வளைந்து போகும் வரம்புகள் உண்டு. தோளுக்கு இறங்கும் பெரிய தசை, கழுத்தைத் திருப்பும் தசை, தலையை நிமிர்த்திப் பிடிக்கும் தசைகள் எல்லாம் இந்த வரம்புகளிலும் அவற்றுக்குக் கீழேயும்தான் பற்றிக்கொண்டிருக்கின்றன. நடுக்கோட்டில் கழுத்து முழுவதும் ஓடும் நார்ப்பட்டையின் மேல்முனையும் இந்த மேட்டில்தான் முடிகிறது. பொதுவாக ஆண்களுக்கு இது பெரிதாக இருக்கும். சிலருக்குக் கொக்கிபோல் கீழ்நோக்கி வளர்ந்திருக்கும்.

இங்கே ஒரு வதந்தியையும் தட்டிவிட வேண்டும். கைப்பேசியைக் குனிந்து பார்ப்பதால் இளைஞர்களின் பின்மண்டையில் கொம்பு முளைக்கிறது என்று 2019-ல் உலகம் முழுவதும் செய்தி வந்தது. ஆஸ்திரேலியாவின் சன்ஷைன் கோஸ்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 2018-ல் வெளியிட்ட எக்ஸ்ரே ஆய்வுதான் அதற்கு மூலம். அந்த ஆய்வில் யார் எவ்வளவு நேரம் கைப்பேசி பார்த்தார்கள் என்று அளக்கவே இல்லை. விமர்சனங்கள் எழுந்து, அந்த இதழே பிறகு திருத்தம் வெளியிட்டது. திருத்தத்தை எந்தச் செய்தியும் அதே வேகத்தில் பரப்பவில்லை. கைப்பேசி வருவதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முந்திய மண்டையோடுகளிலும் நல்ல கொக்கிகள் உண்டு.

அம்மாவின் தலையில் தெரிவது எது என்பதை நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். எலும்பு மேடு நடுக்கோட்டில் இருக்கும். கல்லாகக் கடினமாக இருக்கும். இன்றும் நாளையும் ஒரே அளவில் இருக்கும். அடிபட்ட வீக்கம் மெத்தென்று இருக்கும், தொட்டால் வலிக்கும், விழுந்த பக்கத்துக்குச் சாய்ந்திருக்கும், சில நாள்களில் வடியத் தொடங்கும். வடிய வேண்டிய வீக்கம் பெரிதாகிக்கொண்டு போனாலோ, தொட்ட இடத்தில் எலும்பு உள்வாங்கியதுபோல் தோன்றினாலோ உடனே காட்டுங்கள். அழுத்திப் பார்க்கும் வேலையை மட்டும் அடிக்கடி செய்ய வேண்டாம்.

மூன்று நாள் வைத்திருந்ததற்குக் காரணம் எலும்பின் உட்புறத்தில் இருக்கிறது. அங்கே சிலுவை வடிவில் வரம்புகள் ஓடி, குழிந்த பரப்பை நான்கு பள்ளங்களாகப் பிரிக்கின்றன. மேல் இரண்டில் மூளையின் பின்கதுப்புகள் அமர்ந்திருக்கின்றன. பார்வை முடிவாக வந்து சேரும் இடம் அது. பின்மண்டையில் பலமாக அடிவாங்கியவர் கண்ணில் பொறி பறந்தது என்கிறாரே, அது வெறும் அலங்காரப் பேச்சு அல்ல. பார்வைப் பகுதி குலுங்கினால், வெளியே வெளிச்சம் எதுவும் இல்லாமலேயே மினுக்கல்கள் தெரியும். அந்தப் பகுதியின் எந்த இடம் பார்வையின் எந்த மூலைக்கு என்பதை மருத்துவம் அறிந்ததும் பெருமளவு போர்க்காயங்களிலிருந்துதான். ரஷ்ய-ஜப்பானியப் போரில் காயம்பட்டவர்களை வைத்து ஜப்பானின் தட்சுஜி இனோயேவும், முதல் உலகப் போரில் காயம்பட்டவர்களை வைத்து கார்டன் ஹோம்ஸும் அந்த வரைபடத்தை உருவாக்கினார்கள்.

கீழ் இரண்டு பள்ளங்களில் சிறுமூளை. சிலுவை வரம்புகள் கூடும் நடுப்புள்ளி இந்த எலும்பிலேயே தடித்த இடம். சிறுமூளைப் பள்ளத்தின் தரை மிக மெல்லியது. உலர்ந்த எலும்பை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் அங்கே வெளிச்சம் ஊடுருவித் தெரியும். தடித்த இடத்தில் விழும் அடியின் விசை வரம்புகளின் வழியே பரவி மெல்லிய இடத்தைப் பிளந்துகொண்டு பெருந்துளையை நோக்கி ஓடுவது வழக்கம். உங்கள் அம்மாவின் விரிசல் எந்தத் திசையில் போகிறது என்று ரிப்போர்ட்டில் எழுதியிருக்கும், படித்துப் பாருங்கள்.

சிலுவையின் கைகளையொட்டி வழவழப்பான வாய்க்கால்கள் உண்டு. மூளையின் உறைக்குள் ஓடும் பெரிய சிரைப் பாதைகள் அவற்றில்தான் படுத்திருக்கின்றன. உச்சி வழியாகப் பின்னோக்கி வரும் பாதை நடுப்புள்ளியருகே வந்து, பெரும்பாலோருக்கு வலப்பக்கம் திரும்புகிறது. ரிப்போர்ட்டில் டிரான்ஸ்வர்ஸ் சைனஸ் என்று கண்டால் மூக்கடைப்பு நினைவுக்கு வர வேண்டாம். அது இந்தச் சிரைப் பாதை. விரிசல் கோடு இந்தப் பாதையைக் குறுக்கே கடந்தால் சிரை கிழிந்து, எலும்புக்கும் உறைக்கும் இடையில் இரத்தம் மெல்ல மெல்லச் சேரலாம். தமனிக் கசிவுபோல் உடனே ஆளைச் சாய்க்காது. முதல் ஸ்கேனில் ஒன்றுமே தெரியாமல் இருந்துவிட்டு, மறுநாள் தெரியும். சிறுமூளை இருக்கும் அறையோ மிகச் சிறியது: மேலே கெட்டியான உறைக்கூரை, கீழே ஒரே வாசலாகப் பெருந்துளை. அங்கே கொஞ்சம் இரத்தம் தேங்கினாலே மூளைநீர் போகும் வழி அடைபடும், முகுளம் நெருக்குண்டுவிடும். அதுவரை எழுந்து உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தவர் சிறிது நேரத்தில் நினைவிழக்கக்கூடும். மெல்லிய விரிசல்தானே என்று அன்றைக்கே அனுப்பாமல் மூன்று நாள் கண்காணித்தவர்கள் சரியானதைத்தான் செய்திருக்கிறார்கள். படுக்கைக்கு அலைந்த எரிச்சலில் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் சில வாரங்கள் கவனம் வேண்டும். நாளுக்கு நாள் கூடும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் தெளியாத தூக்கம், நடக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்வது, இரண்டிரண்டாகத் தெரிவது, வலிப்பு, கை கால் பலவீனம், மூக்கிலோ காதிலோ தண்ணீர்போல் ஒழுகுவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நீங்கள் மலைமேல் இருக்கிறீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டித்தான் சேலம் வந்து சேர வேண்டும். அதனால் கீழே இருப்பவர்களைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே முடிவெடுக்கப் பழகுங்கள். வயதானவர்களுக்கு இன்னொன்றும் உண்டு: பல வாரங்கள் கழித்துக்கூட மூளைக்கு மேல் மெல்ல இரத்தம் கட்டி, மறதியாகவும் தடுமாற்றமாகவும் வெளிப்படும். வயசாகிவிட்டது என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

படுக்கையில் புரளும்போது மட்டும் சில விநாடிகள் அறை சுற்றினால் அது பெரும்பாலும் உட்காதில் இருக்கும் நுண்துகள்கள் இடம் பெயர்ந்ததால் வரும் தலைச்சுற்றல். தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பிச் சரிசெய்வார்கள். ஆனால் அதற்கு முன் கழுத்தெலும்பு நலமாக இருக்கிறது என்பது உறுதியாக வேண்டும்.

மூக்குக் கேள்விக்கு வருகிறேன். உங்களை அதிகம் குழப்பியது அதுதான் என்று தெரிகிறது.

மூளை மண்டைக்குள் இறுக்கமாகப் பொருத்தப்பட்டதல்ல, நீரில் மிதக்கிறது. மல்லாந்து விழும்போது மண்டையோடு தார்ச்சாலையில் மோதி ஒரு கணத்தில் நின்றுவிடுகிறது, மூளை நிற்பதில்லை. அது குலுங்கும்போது காயம் அடிவிழுந்த இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் ஏற்படுவதுண்டு. ஏன் அப்படி என்பதற்கு விளக்கங்கள் பல. அடிவிழுந்த நொடியில் எதிர்முனையில் அழுத்தம் தாழ்ந்து திசு கிழிகிறது என்பது ஒன்று. மூளைநீர் மோதிய பக்கம் பாய்ந்து மூளையை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது என்பது இன்னொன்று. விளக்கம் எதுவானாலும், மண்டையோட்டின் உட்தளம் ஒரு காரணம் என்பதில் சந்தேகமில்லை. பின்மண்டையின் உட்சுவர் வழவழப்பானது. முன்னால், கண்குழிகளுக்கு மேலே இருக்கும் தளம் கரடுமுரடானது, முகடும் பள்ளமுமாக இருக்கும். அதன் பின்விளிம்பு கூர்மையான வரம்பு. நெற்றிக்கதுப்பின் அடிப்பாகமும் பொட்டுக்கதுப்பின் முனையும் அதில்தான் உராய்ந்து கன்றிப்போகின்றன. அதனால்தான் பின்மண்டையில் அடிபட்டவரின் ஸ்கேனில் அனுபவமுள்ளவர்கள் முதலில் முன்பக்கத்தைப் பார்க்கிறார்கள்.

அந்தக் கரடுமுரடான தளத்தின் நடுவில், மூக்கின் கூரைக்கு மேல், சல்லடையாகத் துளையிட்ட சிறு எலும்புத்தகடு ஒன்று இருக்கிறது. மூக்கின் உச்சியிலிருந்து மணத்தை ஏந்திவரும் நரம்பிழைகள், பக்கத்துக்கு இருபது வரை, அந்தத் துளைகள் வழியே ஏறி மூளையின் அடிப்பகுதியில் சேர்கின்றன. மூளை முன்பின்னாக ஒரு குலுக்கு குலுங்கினால் இந்த மெல்லிய இழைகள் அறுந்துவிடும். நெற்றியில் அடிபட்டவர்களைவிடப் பின்மண்டையில் அடிபட்டவர்களிடம் மணம் போவது அதிகம் என்பது வெகுநாளாகக் கவனிக்கப்பட்டது. ஸ்கேனில் இந்த அறுபடல் தெரியாது. கேட்டால்தான் தெரியும். அதனால் அந்த டாக்டர் கேட்டிருக்கிறார், நல்ல டாக்டர்.

அம்மா தானாக வந்து, மணம் தெரியவில்லை என்று சொல்லமாட்டார். சாப்பாட்டில் ருசியே இல்லை, ரசம் வெந்நீர் மாதிரி இருக்கிறது என்றுதான் சொல்வார். உப்பும் புளிப்பும் இனிப்பும் கசப்பும் காரமும் தெரியும். மற்றதெல்லாம் மூக்கின் வேலை. வீட்டிலேயே சோதிக்கலாம். கண்ணை மூடச் சொல்லி, ஒரு மூக்குத் துளையை அடைத்து, மறுதுளையருகே புதிதாக அரைத்த காப்பித்தூளைப் பிடியுங்கள்; பிறகு பக்கம் மாற்றுங்கள். மருத்துவர்களே காப்பியைப் பயன்படுத்துவது வழக்கம். தோட்டத்திலேயே வாழ்ந்தவருக்கு அதைவிடப் பழகிய மணம் ஏது? தைலம், அம்மோனியா போன்ற நெடிகளை வைத்துச் சோதிக்கக் கூடாது. மணநரம்பு முழுதும் அறுந்தவருக்கும் அந்த எரிச்சல் முகத்தின் தொடுவுணர்வைக் கொண்டுபோகும் ஐந்தாவது மூளை நரம்பு வழியே தெரிந்துவிடும். மூக்கு நன்றாக இருக்கிறது என்று ஏமாந்துவிடுவீர்கள்.

மணம் போயிருந்தால் ஒரு பகுதியினருக்கு முதல் சில மாதங்களிலிருந்து ஓராண்டுக்குள் ஓரளவு திரும்பும்; சிலருக்குத் திரும்புவதில்லை. ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் ஹும்மெல் குழுவினர் 2009-ல் வெளியிட்ட ஒரு பயிற்சி உண்டு. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கு மணங்களைக் காலையும் மாலையும் நினைவில் நிறுத்தி முகர வேண்டும்; அவர்கள் 12 வாரம் செய்தார்கள். செலவில்லாதது, தீங்கில்லாதது, செய்து பார்க்கலாம். நான்கும் ஏற்காட்டிலேயே கிடைக்கும் என்பது கூடுதல் வசதி. அதுவரை சமையல் எரிவாயு கசிவதும், குழம்பு ஊசிப்போனதும், அடிப்பிடித்துப் புகைவதும் அம்மாவுக்குத் தெரியாது என்பதை வீட்டில் அனைவரும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

விரிசலைப் பற்றி நீங்கள் பயந்த அளவு நான் பயப்படமாட்டேன். எலும்பு இடம் விலகாத நேர்க்கோட்டு விரிசலுக்கு மாவுக்கட்டும் கிடையாது, ஆணியும் கிடையாது, தானே சேரும். பெரியவர்களுக்குச் சேர்ந்த பிறகும் படத்தில் கோடு நெடுநாள் தெரியும்; அடுத்த ஸ்கேனில் அது இன்னும் தெரிகிறதே என்று பதற வேண்டாம். இயற்கையான தையல் கோடுகளையே விரிசல் என்று எண்ணிக் கலங்குபவர்களும் உண்டு. இந்த எலும்பு மேலே உச்சி எலும்புகளோடு சேரும் தையல் வளைந்து நெளிந்து ஓடும். அந்தத் தையலுக்குள் சின்னச் சின்னத் தனி எலும்புத் துண்டுகள் பலருக்கு இருக்கும். விரிசலோ நெளிவில்லாமல் கூர்மையாக ஓடும்.

பின்கழுத்திலிருந்து பிடரி வழியாக உச்சி வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் வலி வந்தால், இரண்டாவது கழுத்து நரம்பின் பின்கிளையை நினைக்க வேண்டும். இனியனுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் பக்கவாட்டில் அது தசையைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. அடியிலோ வீக்கத்திலோ சிக்கினால் இப்படி வலிக்கும். மருந்துக்குக் கட்டுப்படும். கட்டாயம் செய்யக் கூடாதது ஒன்று: கழுத்துப் பிடிப்பு என்று சலூனிலோ, சுளுக்கு எடுப்பவரிடமோ கழுத்தைத் திருகிச் சொடுக்கு எடுப்பது. முதுகெலும்புத் தமனிகள் அட்லஸின் மேல் வளைந்து பெருந்துளைக்குள் நுழையும் இடத்தில் அந்தத் திருகல் தமனியின் உட்சுவரைக் கிழிக்கலாம். அடிபடாத கழுத்துக்கே எனக்கு அது உடன்பாடில்லை. விரிசலுள்ள தலையை யாராவது திருகினால் கையைப் பிடித்துத் தடுங்கள்.

கடைசிக் கேள்வி, மூட்டை. தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. அதன் எடைமையம் காண்டைல்களுக்குச் சற்று முன்னால் விழுகிறது. ஏற்காடு பஸ்ஸில் தூங்குபவரின் தலை மார்பின் மேல் தொங்குவது அதனால்தான். விழித்திருக்கும் நேரமெல்லாம் பிடரித் தசைகள் பின்னாலிருந்து இழுத்துக்கொண்டே இருக்கின்றன. நாலுகால் விலங்குகளுக்குப் பெருந்துளை மண்டையின் பின்பக்கத்தில் இருக்கும்; நமக்கு அடியில், ஏறத்தாழ நடுவில். 1924-ல் தென்னாப்பிரிக்காவின் டவுங்கில் கிடைத்த குழந்தை மண்டையோட்டை 1925-ல் விவரித்த ரேமண்ட் டார்ட், அது நிமிர்ந்து நடந்த இனம் என்று சொன்னதற்கு, துளை முன்னால் நகர்ந்திருந்ததே முக்கியச் சான்று. தலையில் சுமக்க முடிவதும் அந்த நகர்வால்தான். சும்மாடு வைத்து உச்சியில் ஏற்றிய பாரம் மண்டைச் சுவர்கள் வழியே இறங்கி, இரண்டு காண்டைல்கள் மூலமாகக் கழுத்துக்குப் போகிறது. பின்தட்டு அந்தப் பாதையில் இல்லை.

ஆகவே, விரிசல் பின்தட்டில் மட்டும் நிற்கிறதா, காண்டைலைத் தொடுகிறதா என்பதுதான் நீங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி. காண்டைல் முறிவை 1817-லேயே சார்லஸ் பெல் விவரித்திருக்கிறார். ஆனாலும் சாதாரண எக்ஸ்ரேயில் அது எளிதில் தப்பிவிடும். சி.டி. வந்த பிறகுதான் அடிக்கடி கண்ணில் படுகிறது. அம்மாவுக்கு இன்னும் கழுத்தின் மேற்பகுதியில் வலி இருந்தாலோ, தலையைத் திருப்ப முடியாமல் இருந்தாலோ, மண்டையும் கழுத்தும் சேரும் இடத்தை நுண்ணிய அடுக்குகளாகப் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். அங்கே முறிவு இருந்தால் கழுத்துப் பட்டையும் ஓய்வும் வேண்டியிருக்கும். சுமை என்ற பேச்சுக்கே இடமில்லை.

காண்டைல் நலமாக இருந்தாலும், தலைவலியும் தலைச்சுற்றலும் முற்றிலும் நின்று, கழுத்து வலியில்லாமல் எல்லாப் பக்கமும் திரும்பி, டாக்டர் சரி என்று சொல்லும் வரை மூட்டை வேண்டாம். பழம் பறிக்கும் வேலைக்கு அதற்கு முன்பே போகலாம்; நிறைத்த சாக்கை எடை போடுமிடத்துக்கு வேறு யாராவது தூக்கிக்கொண்டு போகட்டும். மிளகுக்கு ஏணி ஏறுவதை இந்தப் பருவம் முழுவதும் விட்டுவிடுவதே நல்லது. தலைச்சுற்றல் மரத்தின் மேல் வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. திரும்பச் சுமக்கும்போதும் பாதி எடையில் தொடங்கட்டும். மேஸ்திரி முணுமுணுத்தால், மருத்துவமனை கொடுத்த சீட்டில் சுமை தூக்கக் கூடாது என்று ஒரு வரி எழுதி வாங்கிக் காட்டுங்கள்.